சிடி பெட்டியை எடைக்குப் போட்டுடாதீங்க

செமஸ்டர் லீவ் வரப் போகிறது. ஊருக்குப் போனதும் வீட்டில் கேட்டு ஒரு எம்பி3 பிளேயர் வாங்கிடணும் என்று ஹாஸ்டலில் பாதிப் பேர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மெஸ்ஸில் உட்கார்ந்தால் இதே பேச்சு. ஐபாடா, கிரியேட்டிவா, இல்லை பேரே தெரியாத சீனா பெட்டி போதுமா? ஒரு ஜிபியா, ரெண்டா, நாலா? எல்லாம் சரி. இந்தப் பேச்சில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் கிடக்கிற அந்த முப்பது நாற்பது சிடிகளை என்ன செய்யப் போகிறீர்கள்?

"அதான் எல்லாம் எம்பி3-யா மாத்திட்டோமே, அப்புறம் எதுக்கு அது?" என்கிற பதிலைத்தான் அதிகம் கேட்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை. பிளேயர் வாங்குங்கள், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் சிடிக்குப் பதிலாக வாங்குகிறோம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

முதலில் பிளேயருக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம், அது சுலபம். சிடி என்பது 12 செ.மீ. அகலத் தட்டு. அதற்கு ஒரு பிளேயர் செய்தால் சாப்பாட்டுத் தட்டு மாதிரிதான் இருக்கும், எந்தப் பேன்ட் பாக்கெட்டிலும் நுழையாது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 500 சுற்றில் தொடங்கி 200 சுற்று வரை குறைந்துகொண்டே சுழல்கிறது. தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். லேசர் அதை விடாமல் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நம்ம காலேஜ் பஸ் பைபாஸை விட்டு உள்ரோட்டில் இறங்கியதும் அந்த லேசரின் நிலைமை என்ன ஆகும் என்று மெக்கானிக்கல் பசங்களிடம் கேளுங்கள். குலுக்கல் தாங்க மெமரியில் சில விநாடி முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும் பிளேயர்கள் உண்டு. ஆனால் அந்த வசதி பேட்டரியைக் குடிக்கும். ஃபிளாஷ் மெமரி பிளேயரில் சுழல்கிற பாகமே கிடையாது. குலுங்கினால் குலுங்கட்டும்.

கொள்ளளவுக்கு வருவோம். கடைக்காரர் "ரெண்டு ஜிபி, ஐநூறு பாட்டு" என்பார். அதை அப்படியே நம்பாமல் நீங்களே போட்டுப் பாருங்கள். சிடியில் விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சேனல். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட். அரை மணி நேரம் ஓடுகிற ஒரு சினிமா ஆல்பம் இந்தக் கணக்கில் 317 எம்பி வரும். அதையே 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 43 எம்பிதான். நாற்பது ஆல்பத்துக்கு 1,728 எம்பி. ஆக, 2 ஜிபி பிளேயரில் உங்கள் முழுப் பெட்டியும் அடங்கிவிடும். (பிளேயரை கம்ப்யூட்டரில் செருகினால் 1.86 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் ஆயிரத்தால் வகுக்கிறார்கள், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.) 4 ஜிபி, 8 ஜிபிக்கு வீட்டில் கூடுதலாகப் பணம் கேட்பதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது அப்பா பணம்.

இனிமேல்தான் விஷயமே. 317 எம்பி எப்படி 43 ஆனது? மிச்சம் எங்கே போனது?

எம்பி3 காதை ஏமாற்றுகிற வித்தை. கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதற்கு? அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக எதையாவது சொன்னாலோ காதில் விழக் கூடாது என்பதற்குத்தான். பலமான ஓசை ஒலிக்கும்போது பக்கத்தில் இருக்கிற மெல்லிய ஓசையைக் காது கவனிப்பதில்லை. ஜெர்மனியில் ஃபிரவுன்ஹோஃபர் நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் இதைத்தான் கணக்காக்கினார்கள். எந்த ஓசை எதன் கீழ் மறையும் என்று பார்த்து, காதில் விழாது என்று தோன்றுவதைத் தூக்கி எறிவது. எறிந்தது எறிந்ததுதான். திரும்ப வராது.

வித்தியாசம் தெரியுமா? நேர்மையாகச் சொன்னால், பஸ்ஸில், பிளேயரோடு வருகிற இயர்போனில், 192 கேபிபிஎஸ்ஸில் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவரை நான் சந்தேகப்படுவேன். ஆனால் 128-க்கு இறங்கினால், அதுவும் கடம், கஞ்சிரா, தபலா மாதிரி 'டக்'கென்று வெடித்து அடங்குகிற வாத்தியங்களில், நல்ல ஹெட்போனில் கேட்டால் தெரியும். எம்பி3 ஓசையைத் துண்டு துண்டாக வெட்டித்தான் கையாள்கிறது. துண்டின் நடுவில் அடி விழுந்தால் அதன் பிழை துண்டு முழுவதும் பரவும், அதாவது அடி விழுவதற்கு முன்னாடியும். அடிக்கு முன்னால் ஒரு மெல்லிய இரைச்சல் வந்து அடியின் கூர்மை மழுங்கிப் போகும்.

கச்சேரி கேட்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஆலாபனை ஒரு டிராக், கீர்த்தனை அடுத்த டிராக், தனி ஆவர்த்தனம் அதற்கடுத்தது என்று பிரித்திருப்பார்கள். சிடியில் அது இடைவெளி இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போகும். எம்பி3 ஒவ்வொரு ஃபைலையும் 1152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாக நிரப்புவதால் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனம் ஒட்டிக்கொள்ளும். பிளேயருக்கு அதை வெட்டத் தெரியாவிட்டால் ஒவ்வொரு எல்லையிலும் ஒரு விக்கல். ஐபாடுக்கே 2006 செப்டம்பரில்தான் இந்த விக்கல் நின்றது.

இதெல்லாம் சின்ன விஷயம், சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது ஒன்றுதான். சீனியர் எழுதிய நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை அடுத்த பேட்ச் ஜெராக்ஸ் எடுத்து, நம் கைக்கு வரும்போது அடிக்குறி போய், மேற்குறி போய், சர்க்யூட் டயக்ராமில் ரெசிஸ்டர் எது கெபாசிட்டர் எது என்றே தெரியாமல் இருக்குமே, எம்பி3-யின் கதையும் அதுதான். இன்று 128-இல் மாற்றி வைக்கிறீர்கள். நாலு வருஷம் கழித்து வேறு ஃபார்மட், வேறு பிளேயர். எம்பி3-யிலிருந்து அதற்கு மாற்றினால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ். கையில் அசல் நோட்ஸ் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகப் பிரதி எடுக்கலாம். சிடி அந்த அசல் நோட்ஸ். சிஎஸ் பசங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சிடி சோர்ஸ் கோடு, எம்பி3 அதைக் கம்பைல் பண்ணி வந்த ஃபைல். ஃபைல் ஓடுகிறது என்பதற்காக சோர்ஸை யாராவது அழிப்பார்களா?

"சிடியே வேண்டாம், இனிமே எல்லாம் ஆன்லைன்ல வாங்கிக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2003-இலிருந்து ஐட்யூன்ஸ் கடையில் ஒரு பாட்டு 99 சென்ட்டுக்கு விற்றார்கள். 2007-இல் நம் நாட்டுக்கு அந்தக் கடை வந்திருக்கவில்லை. அதன் அன்றைய பூட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அப்போது அங்கே வாங்கிய பாட்டு ஐபாட் தவிர வேறு கம்பெனி பிளேயரில் பாடவில்லை. மைக்ரோசாஃப்ட் கதை இன்னும் தமாஷ். எல்லா பிளேயரிலும் நிச்சயம் ஓடும் என்கிற மாதிரி பேர் வைத்து ஒரு பூட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்து மற்ற கம்பெனிகளைச் சேரச் சொன்னார்கள். 2006 நவம்பரில் சூன் என்று சொந்தமாக ஒரு பிளேயர் விட்டார்கள். அந்தத் திட்டத்தில் வாங்கிய பாட்டு அந்த சூனில் ஓடவில்லை! காசு கொடுத்து வாங்கியவன் என்ன பாவம் செய்தான்? 2007 ஏப்ரலில் இஎம்ஐ கம்பெனி பூட்டில்லாமல் விற்கச் சம்மதித்தது, நல்ல சேதி.  சிடியோ 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அந்த முதல் வருஷத்துத் தட்டை இன்றைக்கு நம் லேபில் இருக்கிற கம்ப்யூட்டரில் போட்டாலும் பாடும். அன்றிலிருந்து யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுகிறது.

சிடிக்குக் கோயில் கட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2005-இல் சோனி பிஎம்ஜி தன் ஆடியோ சிடிக்குள்ளேயே ஒரு மறைமுக மென்பொருளை வைத்து, வாங்கியவர்களின் கம்ப்யூட்டரில் சொல்லாமல் நுழைத்தது. மார்க் ரஸ்ஸினோவிச் என்கிற வல்லுநர் கண்டுபிடித்து ஊரறியச் செய்தபிறகுதான் திரும்பப் பெற்றார்கள். கீறலும் இருக்கிறது. ரீட்-சாலமன் கோடு இருப்பதால் தடத்தின் நீளவாக்கில் சுமார் 2.5 மி.மீ. வரை தகவல் போனாலும் முழுசாக மீட்டுவிடும். அதற்கு மேல் போனால் 'டிக் டிக்'தான். அதனால்தான் சிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டக் கீறல் தடத்தோடு சேர்ந்தே ஓடி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: மேல் பக்கம்தான் ஆபத்தான பக்கம். கீழே 1.2 மி.மீ. பாலிகார்பனேட் காவல் இருக்கிறது. மேலே லேபிளுக்கும் தகவலுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பேர் எழுதுகிற நண்பர்கள் கவனிக்கவும்.

உறைக்குள் இருக்கிற தாளை மறந்துவிட்டேன் பாருங்கள், எனக்கு அதுதான் முக்கியம். ஃபைலாக வருகிற பாட்டில் யார் பேர் இருக்கிறது? ரோட்டோரம் வாங்கின '150 ஹிட்ஸ்' எம்பி3 சிடியைப் போட்டுப் பாருங்கள். 'டிராக் 07' என்று இருக்கும், பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ வெப்சைட்டின் பேர் ஓடும். எழுதிய கவிஞர் பேருக்கு இடமே கிடையாது. ரஹ்மான் ஆல்பம் ஒன்றின் உறைத்தாளைப் பிரித்தால் புல்லாங்குழல் நவீன் பேரும், ஒலிப்பதிவு செய்த எச். ஸ்ரீதர் பேரும் அச்சில் இருக்கும். நாளைக்கு நம்மில் ஒருத்தன் எலக்ட்ரானிக்ஸ் முடித்து ஸ்டூடியோ பக்கம் போனால், அவனுடைய உழைப்புக்கு அந்தத் தாளை விட்டால் வேறு எங்கே அடையாளம்? பாட்டு நம்மிடம் இருக்கிறது, செய்தவர் யாரென்று தெரியாது என்கிற நிலைமைக்கு நாம் ஏன் சந்தோஷமாக ஓட வேண்டும்?

சரி, லீவில் செய்ய வேண்டிய வேலை. இரவல் போன சிடிகளை முதலில் திரும்ப வாங்குங்கள். எந்த ரூமில் எது இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கம்ப்யூட்டரில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்கிற இலவச மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு சிடியையும் ஃபிளாக் ஃபார்மட்டில் எடுத்து வையுங்கள். ஃபிளாக் எதையும் தூக்கி எறியாது, ஜிப் மாதிரி சுருக்கி வைக்கும், அவ்வளவுதான். அசலில் பாதியிலிருந்து அறுபது சதவீதம் வரை இடம் எடுக்கும். நாற்பது சினிமா ஆல்பத்துக்கு எட்டு ஜிபிக்கும் குறைவு. ஹார்ட் டிஸ்க் முழுக்கப் படமாக இருந்தால் இரண்டு டிவிடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபிளாக்கிலிருந்து 192 கேபிபிஎஸ்ஸில் எம்பி3 செய்து பிளேயரில் ஏற்றுங்கள். பிளேயர் தொலையட்டும், பேட்டரி சாகட்டும், தம்பி அழித்துவிடட்டும். ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். சிடி உள்ளே இருக்கும்போதே உறைத்தாளைப் பார்த்து இசையமைப்பாளர், கவிஞர், பாடகர், வாத்தியக்காரர்கள் பேரையும் அடித்துவிடுங்கள். தமிழில் அடித்தால் பல பிளேயர்களில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், அது வேறு சோகம். ஆனாலும் கம்ப்யூட்டர் பிரதியிலாவது தமிழில் இருக்கட்டும்.

பிளேயர் எது என்று என்னைக் கேட்டால், பென் டிரைவ் மாதிரி செருகினதும் ஃபைலை இழுத்துப் போட முடிகிறதா என்று முதலில் பாருங்கள். தனி மென்பொருள் இல்லாமல் பாட்டு ஏறாது என்றால் எனக்கு அது பிடிக்காது. அடுத்தது பேட்டரி. உள்ளேயே ஒட்டிவைத்த பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் தளர்ந்துவிடும், பிறகு பிளேயர் நன்றாக இருந்தும் பயனில்லை. பெட்டிக்கடையில் கிடைக்கிற பென்சில் பேட்டரியில் ஓடுகிற மாடல்களைக் கொஞ்சம் குண்டாக இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். மிச்சமாகிற பணத்தில் நல்ல இயர்போன் வாங்குங்கள். ஜிபியைக் கூட்டுவதை விட அது பாட்டுக்கு அதிகம் உதவும்.

எதை முதலில் எடுப்பது என்ற குழப்பம் வந்தால், நாமே எழுதின சிடி-ஆர்களில் தொடங்குங்கள். அதில் இருப்பது சாயப் பூச்சு, வெயிலிலும் சூட்டிலும் மங்கும். முதல் வருஷம் எழுதினது இப்போதே தடுமாற ஆரம்பித்திருக்கும். கடையில் வாங்கின அச்சு சிடிகள் அவ்வளவு சீக்கிரம் கெடாது, பொங்கல் லீவ் வரைக்கும்கூடக் காத்திருக்கும்.