எக்ஸ்ரே எடுப்பவரின் சம்பளமும் எங்கள் பஸ் காசும்



சில மாதங்களுக்கு முன் லுணுகலைப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மா சரிவில் சறுக்கி விழுந்துவிட்டார். மண்சரிவில் லயத்தை இழந்து மகளோடு உறவினர் வீட்டில் ஒதுங்கியிருப்பவர். மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. நானும் துணைக்குப் போனேன். முதலில் போன சிறிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மிஷின் இருந்தது, ஆனால் அதை இயக்குபவர் இல்லை. இருந்த ஒருவரும் மாற்றலாகிப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை என்றார்கள். பதுளைக்குப் போகும்படி துண்டு எழுதித் தந்தார்கள்.

"மிஷின் இருக்கு, ஆள் இல்லையா சாமி? கோயில் இருக்கு, பூசாரி இல்லேங்கிற கதையாவுல இருக்கு" என்றார் பாட்டி.

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் படத்துக்குக் காசு இல்லை. ஆனால் த்ரீவீல் கூலி, மூன்று பேருக்குப் பஸ் காசு, பகல் சாப்பாடு, மகளுக்குப் போன இரண்டு நாள் பெரட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்த 'இலவசப்' படத்துக்கு அக்குடும்பம் கொடுத்த விலை மூன்று நாட்சம்பளத்துக்குக் கிட்ட வரும். எக்ஸ்ரே எடுப்பவரின் சம்பளம் நமக்கு எட்டாத யாரோ ஒரு உத்தியோகத்தரின் பிரச்சினை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் அது நம் சட்டைப்பையோடு சம்பந்தப்பட்டது என்று விளங்கியது.

2024 ஜனவரியில் அரசாங்க டாக்டர்மாருக்கான இடையூறு, தயார்நிலை, போக்குவரத்துக் கொடுப்பனவு 35,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். எக்ஸ்ரே எடுப்பவர்கள், மருந்தாளர்கள், இரத்தப் பரிசோதனை செய்பவர்கள் ஆகியோருக்கு அது கிடைக்கவில்லை. பெப்ரவரி முதலாந் திகதி 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அவர்களது கோரிக்கையில் நியாயம் இருந்தது. நடுராத்திரியில் விபத்து நோயாளி வந்தால் டாக்டரை எழுப்புகிறார்கள், எக்ஸ்ரே எடுப்பவரையும் எழுப்புகிறார்கள். இருவருக்கும் தூக்கம் ஒன்றுதான். ஆயினும் அந்த நாட்களில் இரண்டு பஸ் மாறி வந்து, படம் எடுக்காமலே திரும்பிப் போனவர்கள் யார் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. வசதியுள்ளவன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான்.

இந்த இடத்தில் தோட்டத்துச் சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டதை மறைக்க விரும்பவில்லை. "எங்களுக்கு எவ்வளவு பாதர், அவங்களுக்கு எவ்வளவு?" என்றார். கேள்வி சரிதான். தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம், 2026 ஜனவரி முதல் அதை 1,550 ஆக்கி, வரவுக்கொடுப்பனவாக அரசாங்கம் 200 சேர்த்து, 1,750 ஆக்குவதாகக் கூறியது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 43,750 ரூபாய். எந்தத் தோட்டத்தில் எல்லா மாதமும் 25 நாள் கிடைக்கிறது என்பது வேறு கதை. அரசாங்க சேவையிலோ ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 இலிருந்து 40,000 ஆக உயர்த்த 2025இல் முடிவாகி, அது கட்டங்கட்டமாக 2027 ஜனவரி வரை வழங்கப்படுவதாக இருந்தது. அதோடு வாழ்க்கைச் செலவுப் படி 17,800. முழுதாக வழங்கப்படும்போது கடைசிப் படியில் நிற்கும் சிற்றூழியருக்கே 57,800 வரும் என்றால், எக்ஸ்ரே எடுப்பவர் அதற்கும் மேலே. பிறகு அவர் ஏன் முணுமுணுக்க வேண்டும்?

அவருடைய பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் சித்தியடைந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் கதிர்ப்படவியல் படித்து வருபவர்கள் இவர்களில் பலர். ஈய உடுப்பு மாட்டி, தன் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று காட்டும் சிறு வில்லையை நெஞ்சில் குத்திக்கொண்டு வேலை செய்கிறார்கள். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் 75 சதவீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் ஏறியது. 2023 ஜனவரியில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் உழைப்பவரிடம் வருமான வரி பிடிக்கத் தொடங்கினார்கள். இந்த வரம்பை ஒன்றரை லட்சமாக உயர்த்தியது 2025 ஏப்ரலில்தான். 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. விலைகள் ஏறும் வேகம் பிறகு அடங்கியது உண்மை. ஏறிய விலை இறங்கி வரவில்லையே! ஓவர்டைமை நம்பி வீட்டுக் கடனோ வாகனக் கடனோ எடுத்தவர்கள் முழி பிதுங்கினார்கள்.

இன்னொன்று. அடிப்படைச் சம்பளம் கொழும்பிலும் பதுளையிலும் ஒன்றே. மலைநாட்டில் வாடகை மலிவு, மரக்கறி மலிவு என்று சொல்லிவிடுவது இலகு. வெலிமடையில் நம் கையால் விளைந்த உருளைக்கிழங்கும் கெப்பெட்டிப்பொல சந்தைக்குப் போய், கைமாறிக் கைமாறி, நகரக் கடைக்குத் திரும்பி வரும்போது என்ன விலை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழும்பில் இருப்பவருக்கு மாலையில் தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வேலை செய்து மேலதிகமாக உழைக்க இடமுண்டு. லுணுகலையில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு ஏது? பிள்ளையை நல்ல பாடசாலையில் சேர்க்க நினைத்த மறுநாளே மாற்றல் விண்ணப்பம் எழுதுகிறார்.

மாற்றல் கிடைக்காதவர் கடல் கடக்கிறார். இங்கிலாந்தின் அரசாங்க சுகாதார சேவையில் புதிதாகச் சேரும் கதிர்ப்படவியலாளரின் ஆரம்பச் சம்பளம் 2025 ஏப்ரலில் வருடத்துக்கு 31,049 பவுண். பவுண் 400 ரூபாய் என்று வைத்தாலே ஒரு கோடி இருபது லட்சத்தைத் தாண்டுகிறது. அங்கே போன என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் சிரித்தார். "பாதர், இங்க வந்து கோடீஸ்வரன் ஆகல. ரூம் வாடகை, வரி, ரயில் போக மிச்சத்தப் பாத்தா நானும் பெரட்டு ஆள்தான்." இருந்தும் திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. நம் நாட்சம்பளம் குறைவு என்பதற்காக அவர்களுடைய சம்பளம் கூடாமல் இருக்க வேண்டும் என்று நாம் வாதிடக்கூடாது. அப்படி வாதிட்டு இதுவரை நம் சம்பளத்தில் ஒரு ரூபாயும் ஏறியதில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. கஷ்டப் பிரதேச ஆஸ்பத்திரியில் நிற்பவருக்குத் தனியான படியும், ஆஸ்பத்திரி வளவுக்குள் குடியிருக்கத்தக்க வீடும் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் குவார்ட்டர்ஸ் என்ற பெயரில் இருப்பதைப் பார்த்தால், யாரும் ஏன் தங்குவதில்லை என்று கேட்கத் தோன்றாது.

அதைவிட முக்கியமானது, நம் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவது. நெஞ்சுப் படம் எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். "ஹுஸ்ம அல்லகன்ன" என்று சிங்களத்தில் சொன்னால் நம் பாட்டிமார் விழித்துக்கொண்டு நிற்கிறார்கள், மூச்சு விடுகிறார்கள், படம் கலங்குகிறது. திரும்ப எடுத்தால் திரும்பவும் கதிர். சொல்பவர் கெட்டவர் அல்ல, மொழி தெரியாதவர், அவ்வளவே. நம்மவர் ஒருவர் அங்கே நின்றால் இந்தத் தொல்லை இல்லை. வீடும் உறவும் இங்கேயே இருப்பதால் மாற்றல் கேட்கும் அவசரமும் குறையும்.

ஆனால் பாசறை, லுணுகலைப் பக்கம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2014 ஒக்டோபரில் மீரியாபெத்தையைப் புதைத்த மண்ணும், உமா ஓயாச் சுரங்கம் வற்றச் செய்த பண்டாரவளைக் கிணறுகளும், 2025 நவம்பரின் டித்வா புயலும் நம் குடும்பங்களை இடத்துக்கு இடம் தூக்கி எறிந்தபோது, பிள்ளைகளின் படிப்பும் சேர்ந்தே அறுந்தது. வீடு கட்டிக்கொடுப்பதோடு நிவாரணம் முடிந்துவிடுகிறது. புது இடத்திலிருந்து இரசாயனவியல் வகுப்புக்கு எத்தனை மைல் என்று கணக்கெடுத்தவர்களை நான் சந்தித்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை உயிரியல் படிக்கிறாள். தகப்பன் பழைய நிலத்தை இழந்து, இப்போது குத்தகைக்கு மரக்கறி போடுகிறார். வகுப்புக்காக வாரத்தில் மூன்று நாள் பதுளைக்குப் போய்வர வேண்டும். போன மாதம் இரண்டு வாரம் அவள் போகவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் மற்ற விடயங்களுக்கு முன் அந்தப் பஸ் காசைப் பற்றிப் பேசுவோம்.