இரு கூறாகிய ரஞ்சிக் கோப்பை

ரஞ்சிக் கோப்பைப் போட்டிகளை 2025 அக்டோபர் 15ஆம் தேதி தொடங்கி, நவம்பர் 19ஆம் தேதியோடு பாதியில் நிறுத்தி, ஜனவரி 22ஆம் தேதி மறுபடியும் எடுத்துக்கொள்வது என்று நமது கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தார் செய்த ஏற்பாட்டை, சென்ற பருவத்தின் அனுபவத்துக்குப் பிறகாவது கைவிடுவார்கள் என்று எதிர்பார்த்தவர்களில் நாமும் சேர்த்தி. அந்த எதிர்பார்ப்பு வீணாயிற்று. ஐந்து சுற்றுகள் ஒரு கூறாகவும், எஞ்சிய இரண்டு சுற்றுகளும் அவற்றைத் தொடரும் வெளியேற்றும் ஆட்டங்களும் மற்றொரு கூறாகவும், நடுவே ஒன்பது வார இடைவெளியுமாக, தேசத்தின் முதன்மையான உள்நாட்டுப் போட்டி இரண்டாம் ஆண்டாகவும் பிளக்கப்பட்டிருக்கிறது. இது பிசகான முடிவு. அதன் பலனை நாம் இப்போதே அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில், ரன் கணக்கில் நமது டெஸ்ட் சரித்திரத்திலேயே ஆகப் பெரிய தோல்வியை நமது அணி அடைந்த நாள் நவம்பர் 26. சையது முஷ்டாக் அலி கோப்பைக்கான இருபது ஓவர் ஆட்டங்கள் தேசமெங்கும் தொடங்கியதும் அதே நாள்தான். பொறுமையோடும் நிதானத்தோடும் மட்டை பிடிக்கத் தெரியாமல் சொந்த மண்ணிலேயே ஓர் அணி சரிந்துகொண்டிருந்த வேளையில், அந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய ஒரே பயிற்சிக் களமான நான்கு நாள் ஆட்டத்தை ஒரு வாரத்துக்கு முன்பே மூடிவிட்டு, மாநில வீரர்கள் அத்தனை பேரையும் இருபது ஓவர் ஆட்டத்துக்கு அனுப்பியிருந்தார்கள் என்றால், இதைவிடப் பிரத்தியட்சமான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

தோல்வி ஒன்றிரண்டானால் அதைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். 2012-13இல் இங்கிலாந்திடம் தோற்ற பிறகு, சொந்த நாட்டில் தொடர்ந்து 18 டெஸ்ட் தொடர்களை வென்றிருந்த அணி, 2024இல் நியூசிலாந்திடம் மூன்று ஆட்டங்களையும் இழந்தது. பெங்களூரில் 46 ரன்னுக்குச் சுருண்டது. புணேயில் சாண்ட்னர் ஒருவரிடமே 13 விக்கெட்டுகளைப் பறிகொடுத்தது. மும்பையில் 147 ரன் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் 121க்கு ஆட்டமிழந்தது. ஓராண்டு கழித்துக் கொல்கத்தாவில் 124 ரன் என்ற அற்பமான இலக்கை நோக்கிச் சென்று 93இல் நின்றுபோனது. அந்தத் தொடரில் ஹார்மர் என்னும் சுழற்பந்து வீச்சாளர் இரண்டே ஆட்டங்களில் 17 விக்கெட்டுகளைக் கொண்டுபோனார். சுழற்பந்தை ஆடுவதில் உலகுக்கே ஆசான்களாக இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் சுழற்பந்தைக் கண்டு தடுமாறுகிறார்கள். அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் இது நேர்ந்த பின்பும், ஆடுகளத்தின் மீதும் டாஸின் மீதும் பழியைப் போட்டு அமைதி காண்பவர்கள் நோயின் மூலத்தை நாட மறுக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

நமது தமிழ்நாட்டு வீரர் வாஷிங்டன் சுந்தர் கொல்கத்தாவில் மூன்றாவது ஆட்டக்காரராக இறக்கப்பட்டு, இரண்டாம் இன்னிங்ஸில் அணியிலேயே அதிகமாக 31 ரன் எடுத்தார். ஒரு வாரம் கழித்துக் குவாஹாட்டியில் அவரை எட்டாவது இடத்துக்குத் தள்ளினார்கள். அங்கும் முதல் இன்னிங்ஸில் 48 ரன் சேர்த்து மற்றவர்களைக் காட்டிலும் நன்றாக ஆடியவர்களின் வரிசையில் நின்றார். அதே ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்ஸில் சாய் சுதர்சன் 139 பந்துகளைச் சந்தித்து 14 ரன்னோடு போராடியதைப் பார்த்தவர்களுக்கு, இந்த இளைஞர்களிடம் மனவுறுதிக்குப் பஞ்சமில்லை என்பது விளங்கியிருக்கும். மூன்றாவது இடத்தில் யார் ஆடுவது என்பதையே நிச்சயிக்க முடியாமல் நிர்வாகம் திணறுகிறதென்றால், அந்த இடத்தில் பருவம் முழுதும் ஆடித் தேறியவர் இன்னார் என்று சுட்டிக்காட்டக்கூடிய உள்நாட்டுப் போட்டி தொடர்ச்சியாக நடைபெறவில்லை என்பதே அதன் முதற்காரணம்.

மட்டையாளர் ஒருவருக்குக் கை படிவது மூன்று நான்கு ஆட்டங்கள் ஆன பிறகுதான். முதல் இரண்டு ஆட்டங்களில் காலை எங்கே வைப்பது, எந்தப் பந்தை விட்டுவிடுவது என்று தடுமாறுகிறவர், ஐந்தாவது ஆட்டத்தில் ஆறு மணி நேரம் நின்று சதம் அடிக்கும் பக்குவத்துக்கு வருகிறார். சரியாக அந்தக் கட்டத்தில், கதிர் பிடிக்கிற வேளையில் வாய்க்காலை அடைப்பது போல, ஆட்டத்தை நிறுத்திவிட்டு, சிவப்புப் பந்தை உறையிலிட்டு, வெள்ளைப் பந்தை அவரிடம் நீட்டுகிறார்கள். பந்து வீச்சாளரின் கதி இன்னும் பரிதாபம். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து ஓவர் வீசி, ஒரே இடத்தில் பந்தை விழச்செய்து மட்டையாளரைப் பொறுமையிழக்கச் செய்யும் சுழற்பந்து வீச்சாளர், நான்கு ஓவரில் அடி வாங்காமல் தப்புவதே சாமர்த்தியம் என்ற வேறொரு தொழிலுக்கு இரண்டு மாதம் போய்விட்டு வருகிறார். திரும்பி வரும்போது அவருடைய பந்து முன்னிலும் வேகமாகவும் தட்டையாகவும் வருகிறது. ஜனவரி பிற்பகுதியில் அவர் பழைய தாளத்தை மீட்டுக்கொள்ளும் முன்பே எஞ்சிய இரண்டு சுற்றுகளும் முடிந்து, அவருடைய அணியின் தலைவிதியும் தீர்மானமாகிவிடுகிறது.

வாரியத்தார் சொல்லும் சமாதானங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல. வட மாநிலங்களில் டிசம்பர், ஜனவரிப் பனிமூட்டத்தால் ஆட்டங்கள் தடைப்படுகின்றன என்பது ஒன்று. அப்படியானால், வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும் அக்டோபரிலும் நவம்பரிலும் தென்மாநிலங்களில் ஆட்டங்களை வைப்பது எந்த நியாயம்? 2024-25 பருவத்தில் பெங்களூரை அடுத்த ஆலூரில் கர்நாடகமும் கேரளமும் மோதிய ஆட்டம் மழையில் கரைந்துபோனதே, அது யார் கணக்கில் எழுதப்பட வேண்டிய நஷ்டம்? பொங்கலை ஒட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆட்டம் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, தென்னாட்டில் நெடுநேர ஆட்டத்துக்கு உகந்த காலம் மார்கழியும் தையும்தான் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த நாட்களைத்தான் வெள்ளைப் பந்துக்குத் தாரை வார்த்திருக்கிறார்கள்.

மற்றொரு சமாதானம், வீரர்களுக்கு ஓய்வு. 2024 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு எதிரான அரையிறுதியில் சதமடித்த ஷர்துல் தாக்கூர், ஆட்டங்களுக்கு நடுவே மூன்றே நாள் இடைவெளி இருப்பது உடம்புக்குத் தாங்காது என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் கேட்டது ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மேலும் சில நாட்கள். அதற்குப் பதிலாக இவர்கள் தந்ததோ பருவத்தின் நட்டநடுவே ஒன்பது வாரங்கள். அந்த ஒன்பது வாரங்களிலும் ஓய்வு இல்லை, இருபது ஓவர் ஆட்டங்களும் ஐம்பது ஓவர் ஆட்டங்களும் அடுத்தடுத்து நெருக்குகின்றன.

உண்மைக் காரணத்தை அட்டவணையே சொல்லிவிடுகிறது. முஷ்டாக் அலிப் போட்டி நவம்பர் 26 முதல் டிசம்பர் 18 வரை, ஐ.பி.எல். ஏலம் டிசம்பர் 16 அன்று அபுதாபியில். 2024இல் ஜெட்டாவில் ஏலம் கூடிய நாட்களிலும் அதே போட்டிதான் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைக்கு 48,390 கோடி ரூபாய் பெற்ற ஓர் ஆட்டத்தின் சந்தைக்குச் சரக்கைக் காட்சிக்கு வைக்கும் வாரங்களாக, தேசத்தின் உள்நாட்டுப் பருவத்தின் மையப்பகுதி ஆக்கப்பட்டுவிட்டது. பணம் வரட்டும்; அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. அந்தப் பணத்தின் பொருட்டு, பணம் தராத ஆட்டம் தன் இயற்கையான காலத்தை இழக்க வேண்டும் என்பதைத்தான் ஆட்சேபிக்கிறோம்.

ரஞ்சியில் சுவாரசியம் இல்லை, ஜனங்கள் வருவதில்லை என்பவர்கள் 2025 பிப்ரவரி 21 அன்று அகமதாபாத்தில் அரையிறுதியில் நடந்ததை நினைத்துப் பார்க்கட்டும். கேரளம் 457 ரன். அதைத் தாண்ட ஐந்தாம் நாள் காலையில் குஜராத்தின் கடைசி ஜோடி இன்னும் மூன்று ரன்னுக்காக நிற்கிறது. நாக்வாஸ்வாலா ஓங்கி வீசிய மட்டையில் பட்ட பந்து, கிட்டத்தில் குனிந்து நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் மோதி மேலே எழும்பி, ஸ்லிப்பில் நின்ற சச்சின் பேபியின் கைகளில் இறங்கியது. குஜராத் 455. இரண்டே ரன் முன்னிலையில் கேரளம் தன் சரித்திரத்தில் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குச் சென்றது. அதற்கு முந்தைய சுற்றில் ஜம்மு காஷ்மீரை அது கடந்ததும் ஒரே ரன் முன்னிலையில்தான். இத்தகைய நாடகம் எந்த இருபது ஓவர் ஆட்டத்தில் கிட்டும்? ஆயினும் இந்திய அணி துபாயில் சாம்பியன்ஸ் கோப்பையில் தன் முதல் ஆட்டத்தை ஆடியது அந்த அரையிறுதி முடிந்ததற்கு முந்தைய நாள்தான். தேசத்தின் கண்கள் அங்கேயே இருந்தன.

ஜனங்கள் வரமாட்டார்கள் என்பதும் பொய். 2025 ஜனவரி இறுதியில், 2012க்குப் பிறகு முதன்முறையாக விராட் கோலி டில்லி அணிக்கு ரஞ்சியில் ஆடியபோது, ரயில்வே அணியுடனான அந்த ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 6 ரன்னில் அவருடைய ஸ்டம்பை ஹிமான்ஷு சங்வான் பறக்கவிட்டார். ரயில்வேக்கு ஆடும் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் திறமையைத் தேசம் ஒரு கணம் கண்டுகொண்டது. ஆனால் கோலி அங்கே வந்தது எதனால்? ஆஸ்திரேலியாவில் தொடரை இழந்து திரும்பிய கோபத்தில், உள்நாட்டுப் போட்டிகளில் ஆடியே தீர வேண்டும் என்று வாரியம் பிறப்பித்த கட்டளையால். வீரர்கள் ஆட வேண்டும் என்று ஆணையிடுகிறவர்கள், அவர்கள் ஆடக்கூடிய விதத்தில் அட்டவணையை அமைப்பதில்லை.

இவர்களுடைய பூர்வ சரித்திரமும் இதே கதைதான். 2016-17இல் ஒரு மாநிலத்தின் ஆட்டமும் அதன் சொந்த ஊரில் நடக்கலாகாது என்று பொது மைதானங்களுக்கு அனுப்பி, உள்ளூர் ரசிகர்களைத் தங்கள் அணியிடமிருந்து பிரித்தார்கள். அடுத்த ஆண்டே பழைய முறைக்குத் திரும்பினார்கள். துலீப் கோப்பையை மண்டலங்களிடமிருந்து பறித்து நிறங்களின் பெயரால் மூன்று அணிகளாக்கினார்கள். 2022இல் மண்டலங்களுக்கே மீட்டார்கள். 2024இல் மறுபடி பறித்து எழுத்துகளின் பெயரால் நான்கு அணிகளாக்கினார்கள். 2025இல் மறுபடியும் மண்டலம். அதே 2016இல் அதே கோப்பைக்கு இளஞ்சிவப்புப் பந்தைப் பெருத்த ஆரவாரத்தோடு கொண்டுவந்தார்கள். பின்னர் அதையும் கைவிட்டார்கள்.

இவையெல்லாம் போகட்டும். 1934 நவம்பர் 4 அன்று நமது சேப்பாக்கத்தில், எம். ஜே. கோபாலன் முதல் பந்தை வீச, ராம் சிங் 35 ரன்னுக்கு 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, ஒரே நாளில் மைசூரை வென்று சென்னை தொடங்கிவைத்த ரஞ்சிக் கோப்பை, உலகப் போரின் நடுவிலும் நின்றதில்லை. அதை முதன்முறையாக நிறுத்திய பெருமை இவர்களையே சேரும். கொள்ளைநோயை முன்னிட்டு 2020இல் ஐ.பி.எல்.லை அரபு நாட்டுக்குக் கொண்டுபோய் நடத்தி முடிக்க இவர்களால் முடிந்தது. 2021 ஜனவரியில் முஷ்டாக் அலிப் போட்டியையும் அதன் பின் விஜய் ஹசாரே போட்டியையும் நடத்த முடிந்தது. ரஞ்சியை மட்டும் நடத்த முடியவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் கிடைக்கும் ஊதியத்தை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான வீரர்களுக்கு இழப்பீடு அறிவிக்க அந்த ஆண்டு செப்டம்பர் வரை ஆயிற்று. அதற்கடுத்த பருவத்திலும் அணி ஒன்றுக்கு மூன்றே லீக் ஆட்டங்கள், நடுவில் ஐ.பி.எல்.லுக்கு வழிவிட்டு, பெரும்பாலான வெளியேற்றும் ஆட்டங்கள் ஜூன் மாதத்துக்குத் தள்ளப்பட்டன. ஆக, ரஞ்சியைப் பிளப்பது இவர்களுக்குப் புதிய வித்தையன்று. அன்று அதற்கு நோய் ஒரு வியாஜமாக இருந்தது. இன்று அதுவும் இல்லை.

சூதாட்ட விவகாரம் வெடித்த பின், நீதிபதி லோதா குழுவின் பரிந்துரைகளை ஏற்கும்படி உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் பணித்தும் ஏற்காமல் இழுத்தடித்து, கடைசியில் தலைவரையும் செயலரையும் நீதிமன்றமே பதவி நீக்கும்வரை போன ஸ்தாபனம் இது. வெளியிலிருந்து வரும் நல்ல யோசனையைச் செவிமடுப்பதில்லை என்பது அதன் ஊறிப்போன சுபாவம்.

இவ்வளவுக்கும் நடுவே, ரஞ்சியில் ஆடி ஆடி எண்ணிக்கையைக் குவிப்பவர்களின் நிலை என்ன? தமிழ்த் தந்தைக்குப் பிறந்து வங்காளத்துக்கு ஆடும் அபிமன்யு ஈஸ்வரன், முதல்தர ஆட்டங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரன்களைச் சேர்த்தும், ஆண்டுக்கணக்கில் இந்திய அணியோடு தேசந்தேசமாகப் பயணம் செய்தும், ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூடக் களமிறக்கப்படவில்லை. 2019-20இல் 928, 2021-22இல் 982 என்று ரன் குவித்த சர்ஃபராஸ் கான் 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்துக்கு எதிராக 150 அடித்த சில மாதங்களிலேயே அணியிலிருந்து மறைந்தும்போனார். 2024-25 ரஞ்சிப் பருவத்தில் 69 விக்கெட்டுகள் எடுத்து, ஒரு பருவத்தில் அதுவரை எவரும் எட்டாத எண்ணிக்கையை எட்டிய விதர்ப்பத்தின் ஹர்ஷ் துபேயை, குவாஹாட்டியில் நமது சுழற்பந்துப் படை திணறிய வேளையில் யாராவது நினைத்தார்களா? தேர்வுக் குழு மதிக்காத போட்டியை இளைஞன் ஏன் மதிப்பான்? நான்கு ஓவரில் கோடிகளை ஈட்டலாம் என்று தெரிந்தவனிடம், ஒரு நாளைக்கு அதிகம்போனால் அறுபதாயிரம் ரூபாய்க்குத் தொண்ணூறு ஓவர் வெயிலில் நில் என்று எந்த முகத்தோடு சொல்வது?

சிவப்புப் பந்து ஆட்டத்துக்கு அதற்குரிய காலமும் கௌரவமும் தொடர்ச்சியும் திரும்பக் கிடைக்க வேண்டும். மாநிலச் சங்கங்களையும், ஆடுகிற வீரர்களையும், ஆடி ஓய்ந்த மூத்தோரையும் கலந்து, மழையையும் பனியையும் மனத்திற்கொண்டு, ஏலத்தின் தேதியை மறந்து, அடுத்த பருவத்தின் ஏற்பாட்டை வாரியத்தார் புதிதாக யோசிக்க வேண்டும். ஜனவரி 22 அன்று இரண்டாம் கூறு தொடங்கும்போது, முதற்கூறில் நன்றாக ஆடியவர்களில் எத்தனை பேர் அதே திறமையோடு திரும்புகிறார்கள் என்பதை அவர்கள் நேரில் வந்து பார்க்கட்டும். பார்த்த பிறகும் இதே அட்டவணையை மூன்றாம் முறையும் வெளியிடத் துணிந்தால், அதற்கான காரணத்தை இந்தத் தேசத்துக்கு எழுத்து மூலமாகத் தெரிவிக்கும் கடமையும் அவர்களுக்கு உண்டு.