பந்து சின்னது, பயம் பெரிது

"பாட்டி, பேபி ஃபுட் வந்தாச்சு!" என்று குதித்தான் பேரன். பதினொரு வயசுப் பையனுக்குக் குழந்தை ஆகாரம் எதற்கு என்று நான் விழிக்க, வீடே சிரித்தது. பாரிஸில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. கம்பியில் கோத்த பொம்மைகளைத் திருப்பிப் பந்தை உதைக்கிறார்களே, அந்த மேஜைக் கால்பந்துக்கு பிரான்சில் அதுதான் பெயராம்!

மேஜையோடு வந்தவை கெட்டிப் பிளாஸ்டிக் பந்துகள். வேகமென்றால் அப்படி ஒரு வேகம். டக் டக்கென்று சத்தம் வேறு. இரண்டாம் நாளே கீழ் வீட்டு அம்மாள் வாசலில் வந்து நின்றுவிட்டாள். மாப்பிள்ளை கார்க் பந்து வாங்கி வந்தார். அந்த ஊரில் அதுதான் வழக்கம். கனமில்லை, சத்தம் குறைவு, ஓட்டமும் நிதானம். சின்னப் பிள்ளைகளுக்கு ஆட வரும். ஆனால் சீக்கிரம் தேயும். மேலே சொரசொரப்பாக இன்னொரு தினுசு உண்டு. அது பொம்மையின் காலில் நன்றாகப் பிடிபடும், கைதேர்ந்தவர்களுக்கு ஏற்றது. எதுவானாலும் பழைய பந்தை அளந்து, அதே அளவில் வாங்குங்கள்.

இதெல்லாம் ஆட்டத்துக்கான யோசனை. சகோதரிகளே, தாய்மார்கள் பார்க்க வேண்டியது வேறு.

ஒருநாள் மத்தியானம் ஒன்றரை வயசுப் பேத்தியின் சத்தத்தையே காணோம். தேடினால், சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது! கத்தினால் திடுக்கிட்டு உள்ளே இழுத்துவிடுவாளே? மெள்ளக் குனிந்து, "பாட்டிக்குத் தா, கண்ணு" என்று கையை நீட்டினேன். துப்பினாள். கார்க் பந்து! என் கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

இந்தப் பந்தின் குறுக்களவு சுமார் 35 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவில் 1994-ம் வருஷத்துச் சட்டம், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் விளையாட்டுச் சாமானில் 44.4 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான பந்துகளைத் தடை செய்திருக்கிறது. உருண்டைச் சாமான் மூச்சுக்குழலை அப்படியே அடைத்துக்கொள்ளும், வழுக்கும், விரலுக்கும் அகப்படாது. கார்க்கானால் என்ன, பிளாஸ்டிக்கானால் என்ன, ஆபத்து ஒன்றுதான்.

அன்றே ஒரு சட்டம் போட்டேன். ஆட்டம் முடிந்ததும் பந்துகளை எண்ணி டப்பாவில் போட்டு, டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்த பிறகுதான் சாப்பாடு!

இதையும் மனசில் வையுங்கள். அடைத்துக்கொண்டு குழந்தையால் இருமவோ அழவோ முடியாவிட்டால், கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். தலையைத் தாழ்த்திப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தடவை தட்டுங்கள். அதற்குள் இன்னொருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். மற்ற முதலுதவி முறைகளை உங்கள் டாக்டரிடம் இப்போதே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

பேரன் இன்றைக்கும் போனில் சொல்கிறான்: "எண்ணியாச்சு பாட்டி, ஆறும் இருக்கு!" அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.