குடல் நரம்பும் கூலியும்

1730ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஜொகான் செபாஸ்டியன் பாக் லைப்சிக் நகரசபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தேவாலய இசையைச் செவ்வனே நடத்த எத்தனை பாடகர், எத்தனை வாத்தியக்காரர் தேவை என்று கணக்குக் காட்டும் அறிக்கை அது. வாத்தியத்துக்குக் குறைந்தது 18 பேர் வேண்டும். நகரம் தந்திருந்ததோ எட்டுப் பேர், அவர்களிலும் ஒருவர் பயிற்சி நிலையில் இருப்பவர். அவர்களுடைய திறமையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லத் தம் அடக்கம் இடந்தரவில்லை என்று நாசூக்காகக் குத்திவிட்டு, டிரெஸ்டன் அரண்மனைக் கலைஞர்களைச் சுட்டிக்காட்டுகிறார் பாக். அங்கே அரசர் சம்பளம் தருகிறார். பிழைப்புக் கவலை இல்லை. ஒருவர் ஒரு வாத்தியத்தில் மட்டும் தேர்ந்தால் போதும். அதனால்தான் அங்கே இசை சிறக்கிறது என்பது அவர் வாதம்.

பரோக் இசையை அக்காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் இன்றைய கலைஞர்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நமக்கு இந்த விண்ணப்பம் நினைவுக்கு வருகிறது. ஆட்டுக்குடல் நரம்பு பூட்டிய வயலின், தாடைத் தாங்கி இல்லாத பிடிமுறை, தரையில் ஊன்றாமல் முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளும் செல்லோ, பழைய வளைவுடைய வில் என்று இவர்கள் மீட்டெடுத்தவற்றைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. மீட்க முடியாமற்போனது டிரெஸ்டன் சம்பளம். அதைப் பற்றிய எழுத்து நம் கண்ணில் அதிகம் படவில்லை.

இக்கலைஞர்களில் மிகப் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்று பேசி வாசிப்பவர்கள். வயலின் வாசிப்பவர் வயோலாவும் எடுத்தாக வேண்டும். ஓபோக்காரர் ரெக்கார்டரும் ஊதியாக வேண்டும். ஹார்ப்சிகார்ட் வாசிப்பவர் பல இடங்களில் தாமே சுருதி கூட்டியாக வேண்டும். சில வேளைகளில் வாத்தியத்தை வண்டியில் ஏற்றி வருபவரும் அவர்தான். பரோக் இசைக்குப் பொதுவாக 415 ஹெர்ட்ஸ், பிரெஞ்சு இசைக்குப் பலசமயம் 392, மோசார்ட் காலத்துக்கு 430 என்று சுருதி மாறும்போது நரம்பு வாத்தியக்காரர் தந்தியைத் தளர்த்தியோ முறுக்கியோ சமாளிக்கலாம். குழல்காரருக்கு அந்த வசதி இல்லை. சுருதிக்கொரு குழல் வாங்க வேண்டும், அதுவும் சொந்தக் காசில். (415 என்பதும்கூடப் பழைய காலத்துப் பொது அளவு அன்று. 18ஆம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது. இன்றைய 440க்கு அரைச்சுரம் கீழே இருப்பதால் எல்லோருக்கும் வசதியாக அமைந்த உடன்பாடு இது. எந்தப் பழமையை மீட்பது என்பதை நிகழ்காலமே தீர்மானிக்கிறது.)

நிச்சயமற்ற வாழ்வுதான் இவ்விசையை உயிரோடு வைத்திருக்கிறது என்று வாதிடுவோர் உண்டு. நிரந்தரச் சம்பளம் பெறும் பெரிய இசைக்குழுக்களில் கலைஞன் குமாஸ்தாவாகிவிடுகிறான். பழைய வாத்தியத்தை எடுத்தவன் துணிந்து வெளியேறியவன். அந்தத் துணிவு ஒலியில் கேட்கிறது என்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. நிகோலாஸ் ஆர்னோன்கூரின் வாழ்க்கையோ வேறொன்றைச் சொல்கிறது. அவர் 1952இல் வியன்னா சிம்பொனி இசைக்குழுவில் செல்லோக் கலைஞராகச் சேர்ந்தார். மறு ஆண்டே மனைவி ஆலிஸுடனும் நண்பர்களுடனும் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கினார். அக்குழு பொதுமேடையில் முதலில் வாசித்தது 1957இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் ஒத்திகையிலும் பழைய வாத்தியங்களைப் பழகுவதிலும் சென்றன. ஆர்னோன்கூர் சிம்பொனி வேலையை விட்டது 1969இல். ஆக, எந்தச் சம்பளம் கலைஞனைக் குமாஸ்தாவாக்குகிறது என்கிறார்களோ, அதே சம்பளம்தான் பதினேழு ஆண்டுகள் அவருக்குச் சோறு போட்டது. வருமானம் பாராமல் நான்கு ஆண்டுகள் ஒத்திகை பார்க்கும் வசதி இன்று படிப்பு முடித்து வரும் எந்த இளைஞருக்கு இருக்கிறது?

இடையில் ஒரு நல்ல காலமும் வந்தது. ஆர்னோன்கூரும் குஸ்தாவ் லியோன்ஹார்ட்டும் பாக்கின் தேவாலயக் காண்டாட்டாக்களை 1971 தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பதிவு செய்தார்கள். லண்டனில் அதே கலைஞர்கள் ஒரு வாரம் ஒரு குழுவின் பெயரிலும் மறுவாரம் இன்னொரு குழுவின் பெயரிலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய் வந்தார்கள். குறுந்தகடு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி பதிவு செய்யும் தேவை எழுந்தது. இத்தொழிலைத் தாங்கி நின்றது அந்தப் பணம். இணையம் அதை வற்றச் செய்தது. கல்விநிலையங்களோ பெருகின. பாசலில் 1933இலேயே பழைய இசைக்கெனப் பள்ளி உண்டு. நியூயார்க்கின் ஜூலியார்டிலும் 2009இல் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. பயின்று வெளிவருவோர் உண்டு, அமர நாற்காலி இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இது பட்டவர்த்தனமாயிற்று. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய வாரங்கள், பாக்கின் பாஸ்ஷன்கள் ஊர்தோறும் நிகழும் வாரங்கள். இக்கலைஞர்களில் பலருக்கு அதுதான் அறுவடைக் காலம். நெதர்லாந்தில் நார்டன் நகரத்துப் பெரிய தேவாலயத்தில் ஆண்டுதோறும் நிகழும் மத்தேயு பாஸ்ஷனும் அவ்வாண்டு நின்றுபோயிற்று. நிகழ்ச்சி இல்லையேல் கூலி இல்லை. நாமோ வீட்டில் இருந்தபடி இவர்களுடைய பழைய பதிவுகளைக் கணினியில் காசில்லாமல் கேட்டு ஆறுதல் தேடிக்கொண்டோம். அதில் நமக்குக் கூச்சம் எழவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. ஐரோப்பிய அரசுகள் கலை மானியத்தில் கைவைக்கும்போதெல்லாம் நலிந்த கலை தானே நிற்கட்டும் என்று சொல்பவர்கள், டிரெஸ்டன் இசையைக் கேட்டுக்கொண்டு லைப்சிக் கூலி கொடுப்பவர்கள்.

பாக்கின் விண்ணப்பத்தால் பெரிய பயன் விளையவில்லை. இரண்டு மாதம் கழித்து, அக்டோபரில், டான்சிக் நகரில் இருந்த பழைய நண்பர் எர்ட்மானுக்கு அவர் கடிதம் எழுதி, அங்கே ஏதேனும் வேலை கிடைக்குமா என்று கேட்டார். லைப்சிக்கில் விலைவாசி அதிகம் என்று குறைப்பட்டுக்கொண்டவர், வருமானக் கணக்கையும் சொன்னார். சவ அடக்கத்துக்கு வாசிக்கும் கூலி அவருக்கு முக்கியமானது. முந்தைய ஆண்டு ஊரில் நல்ல காற்று வீசிச் சாவு குறைந்துவிட்டதாம். அதில் நூறு தாலருக்குமேல் நஷ்டம்.