பாலம் ஏறும் முன் மேப் பாருங்க!

வெளிநாடுகளில் சிலர், நெடுஞ்சாலை கேமரா காட்சியை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புகிறார்கள். நம் திருச்சியிலும் கேமராக்கள் உண்டு; ஆனால், அதைப் பார்ப்பது போலீஸ்தான். நமக்குக் கைகொடுப்பது கூகுள் மேப்ஸ்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காரில் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்கப் போகிறீர்களா? வழியில் 1976-ல் கட்டிய காவிரிப் பாலம். ஏறிவிட்டால் நடுவில் திரும்ப வழியில்லை. மாம்பழச் சாலைக்கு வருவதற்கு முன்பே மேப்பில் டிராஃபிக்கை ஆன் செய்யுங்கள். சாலையில் போகிறவர்களின் செல்போன் நகரும் வேகத்தை வைத்து அது நிறம் காட்டும். பச்சை என்றால் தாராளம். ஆரஞ்சு என்றால் தாமதம். சிவப்பு என்றால் நெரிசல்.

சிவப்பா? திருவானைக்காவல் பக்கம் திரும்பி, சென்னை பைபாஸ் பாலத்தில் ஏறி, சஞ்சீவி நகர் வழியாக வரலாம். 2022-ல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடியபோது கார்களும் பஸ்களும் சுற்றிப்போன பாதைதான். தூரம் அதிகம் என்பதால், இரண்டு வழிக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

முந்தின நாள் இரவே, போய்ச் சேரவேண்டிய நேரத்தைக் குறித்தால், எப்போது கிளம்பலாம் என்றும் மேப் சொல்லும். அது வழக்கமான நாள் கணக்கு. வைகுண்ட ஏகாதசி கூட்டத்துக்கு அது போதாது. ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள்.

வண்டி ஓட்டுகிறவர் கையில் மட்டும் போன் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்லட்டும்!