காணாத துயரைப் பாடலாகாதா?

நம் வாலிபரும் மாணாக்கரும் இன்று உலகச் செய்திகளைப் படித்துக் கவிதை புனைகின்றனர். 2023 ஏப்ரலிலே சூடானில் மூண்ட போரினால் வீடுவாசல் இழந்து எல்லை தாண்டிய தாய்மாரைப் பாடுகின்றனர். 2023 அக்டோபரின் பின் காசாவிலே இடிபாடுகளுக்கிடையே பிள்ளைகளைத் தேடிய தந்தையரைப் பாடுகின்றனர். கடல் உயர்ந்து தம் மண் மூழ்குமோ என ஏங்கும் துவாலுத் தீவினரைப் பாடுகின்றனர். கண்டு மகிழவேண்டிய பெரியோருட் சிலர் முகஞ் சுளிக்கின்றனர்!

"கண்ணாற் காணாத நாட்டின் துயரைப் பாடுவது போலி" என்பர் ஒரு சாரார். "இன்றைய செய்தி நாளை பழங்கடுதாசி, அதைப் பற்றிய பாட்டும் அதுவே" என்பர் மறு சாரார். "படிக்கும் பிள்ளைகளுக்கு உலக அரசியல் எதற்கு? நிலவைப் பாடட்டும், மழையைப் பாடட்டும்" என்பது மூன்றாஞ் சாராரின் தீர்ப்பு. மூன்று வாதங்களையும் தட்டிப் பார்த்தோம். மூன்றும் உளுத்த மரங்கள்.

முதலாவதை எடுப்போம். காணாததைப் பாடலாகாதெனின் பாரதியை என்ன செய்வீர்கள்? அவர் பிஜித் தீவைக் கண்டவரல்லர். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கப்பலேற்றப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலே நம் பெண்கள் பட்ட கொடுமை, செய்தியாக வந்து அவர் செவியில் வீழ்ந்தது, பாட்டாக வெளிப்பட்டது. பெல்ஜியத்தையும் அவர் மிதித்தவரல்லர். 1914 ஆகஸ்டிலே ஜெர்மானியப் படை அச்சிறு நாட்டினுட் புகுந்தபோது எதிர்த்து நின்ற அதன் மானத்தை வாழ்த்தினார். ருஷ்யாவையும் கண்டவரல்லர், 1917இல் ஜார் வீழ்ந்ததைப் பாடினார். 1904இலே, 22 வயது நிரம்புமுன், 'சுதேசமித்திரன்' உதவியாசிரியராக அமர்ந்து ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிய இளைஞரன்றோ அவர்! பத்திரிகை மேசையே அவருக்கு உலகைக் காட்டிய பலகணி.

ஆங்கிலக் கவிஞன் ஷெல்லியின் கதையும் இதுவே. 1819 ஆகஸ்ட் 16ஆம் நாள், மான்செஸ்டர் நகரின் புனித பீட்டர் திடலிலே வாக்குரிமை கோரித் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை ஏவப்பட்டது. பதினைந்து பேருக்குக் குறையாதோர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஷெல்லி அப்போது இத்தாலியில் இருந்தான், வயது 27. செய்தி அவனை அடையச் சில வாரங்கள் சென்றன. அடைந்ததும் பேனாவை எடுத்தான். களத்தில் நில்லாதவன் எழுதிய அப்பாட்டை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக உரிமைப் போராளர் படித்து வருகின்றனர். போலிப் பாட்டுக்கு இவ்வளவு ஆயுள் உண்டோ?

நம் வீட்டுக்கே வருவோம். 1981இலே கவிஞர் எம். ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழாக்கி நூலாக்கினார். அந்நாட்டைக் காணாத ஈழத்து வாசகர் அக்கவிதைகளிலே தம் நெஞ்சின் துடிப்பைக் கேட்டனர். அயலானின் அழுகையைக் காதாற் கேட்டறிந்தவனுக்கே தன் அழுகைக்கும் மொழி கிடைக்கிறது.

இரண்டாம் வாதம், செய்தி பழசாகும் என்பது. இதைச் சொல்வோருட் பலர் சங்கத் தமிழின் பெருமையை மேடைதோறும் முழக்குவோர். அவர்களை ஒன்று கேட்கிறோம்: புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளைப் படித்திருக்கிறீர்களா? இன்னாரை, இன்னார், இன்ன வேளையிற் பாடியது என்று எழுதியிருக்கிறதே, அது செய்திக் குறிப்பு அல்லாது வேறென்ன? சோழன் கிள்ளிவளவன் மலையமானின் சிறுவரை யானைக்காலில் இடப் புகுந்த வேளையிலே கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடினார். பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். அன்றைக்கு அது அன்றன்றைச் செய்தி. அச்செய்தி செத்தது, பாட்டுச் சாகவில்லை. "நாளை பழசாகிவிடும்" என்று கோவூர்கிழார் வாளாவிருந்திருந்தால் அப்பிள்ளைகளின் கதி யாதாகியிருக்கும்?

மூன்றாம் வாதமே மிகக் கொடியது. பிள்ளைகளுக்கு உலகம் வேண்டாமாம்! 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணத்திலே பற்றிய தீ பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களைச் சாம்பலாக்கியது. 'ஈழநாடு' பத்திரிகைப் பணிமனையும் எரிந்தது. செய்தி சொல்லும் வாயையே நெருப்பு மூடிய நாட்களில் செய்தியைச் சுமந்தது எது? கவிதை. 1985இல் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பின் ஆசிரியர் நால்வருள் ஒருவரான சேரனுக்கு அப்போது வயது 25. 1986இல் யாழ்ப்பாணத்திலே பெண்கள் தம் கவிதைகளைத் தொகுத்தபோது 'சொல்லாத சேதிகள்' என்று பெயரிட்டனர். அப்பெயரை ஊன்றி நோக்குங்கள். பத்திரிகை சொல்லாத சேதியைக் கவிதை சொல்லும் என்பதற்கு இனியும் சான்று வேண்டுமோ? அவர்களை நிலவு பாடச் சொல்லி அனுப்பியிருந்தால் அக்காலத்தின் கண்ணீர் எந்த ஏட்டில் இருந்திருக்கும்? நம் துயரைக் காணாத பிறர் பாடவேண்டும் என எதிர்பார்த்திருந்த நாம், பிறர் துயரைப் பாடும் நம் பிள்ளையின் வாயைப் பொத்துவது எந்த அறம்?

பெரியோரைச் சாடினோம்; இளைஞரையும் சும்மா விடோம். தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தாளை எடுப்பவர் உங்களிற் பலர். நாட்டின் பெயரை மாற்றிவிட்டால் எந்தப் போருக்கும் பொருந்தும் பாட்டை எழுதுகிறீர்கள். 'இரத்த ஆறு', 'கண்ணீர்க் கடல்', 'விடியல்' என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு மூவுலகத் துயரையும் அளந்துவிடுகிறீர்கள். இது கவிதையன்று, துயரின்மேல் ஒட்டிய சுவரொட்டி.

அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனிலே புலிட்சர் நிலையம் என ஒன்றுண்டு. உலகச் செய்திகளைத் தேடிச் செல்லும் பத்திரிகையாளருக்குப் பொருளுதவி செய்வது. அது பள்ளி மாணாக்கருக்கெனக் கவிதைப் போட்டியும் நடத்திவந்திருக்கிறது. தன் ஆதரவோடு வெளிவந்த செய்திக் கட்டுரை ஒன்றைத் தெரிந்து, அதன் வரிகளைத் தன் கவிதையிலே பொதிந்து எழுதவேண்டும் என்பது விதி. அவ்விதியின் உட்கிடையைக் கவனியுங்கள். முழுவதும் படியாதவன் எழுத முடியாது! பாடும் உரிமைக்கு முன் படிக்கும் கடமை நிற்கிறது. எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர், ஏவியவன் யார், தடுக்க முயன்றவன் யார் என அறிந்தபின் எழுதுங்கள். செய்தியாளன் உயிரைப் பணயம் வைத்துக் கொணர்ந்த உண்மையை எதுகைக்காக வளைப்பது அவனுக்கும் துரோகம், மாண்டவனுக்கும் துரோகம்.

2014ஆம் ஆண்டுப் போரின் பின்னர் காசாவின் இளம் எழுத்தாளர்க்கென உருவான முயற்சியொன்றின் பெயர், 'நாங்கள் எண்களல்லர்' என்பது. அதனுடன் தொடக்கத்திலிருந்தே நின்ற கவிஞரும் பேராசிரியருமான ரிஃபாத் அல்அரீர் 2023 டிசம்பர் 6ஆம் நாள் வான்தாக்குதலிற் கொல்லப்பட்டார். அப்பெயரிலேயே நாம் கூறவந்தது அடங்கும். செய்தி எண்ணிக்கையைத் தருகிறது, தரவும் வேண்டும். எண்ணிக்கை பெருகப் பெருகப் படிப்பவன் நெஞ்சு மரத்துப்போகிறது. அவ்வெண்ணிலிருந்து ஒரு முகத்தைப் பிரித்தெடுத்து அவன் கண்முன் நிறுத்துவதே கவிஞன் தொழில். எண்ணை அறியாது முகத்தைப் பாடினால் அது கற்பனை. முகத்தைக் காட்டாது எண்ணைச் சொன்னால் அது கணக்கு. இரண்டும் சேர்ந்த இடத்திலே நீதி கேட்கும் குரல் பிறக்கிறது.

ஆதலால் நாம் கேட்பது இது. ஆசிரியர்களே, கவிதை வகுப்புக்குச் செய்தித்தாளைக் கொண்டு செல்லுங்கள். போட்டி நடத்துவோரே, ஆண்டாண்டாய் அரைத்த தலைப்புகளை மூட்டை கட்டுங்கள். இவ்வாரச் செய்தி ஒன்றைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். பத்திரிகாசிரியர்களே, ஷெல்லியின் அப்பாட்டை அச்சிட அவன் நண்பரும் பத்திரிகாசிரியருமான லீ ஹண்ட் அஞ்சினார். 1822இல் ஷெல்லி மறைந்து பத்து ஆண்டுகள் கழிந்து, 1832இலேதான் அது வெளிவந்தது. நம் பிள்ளைகளின் எழுத்தும் அவ்வாறு பெட்டிக்குள் உறங்கவேண்டுமோ?

இளைஞர்களே, செய்தியைக் கடைசி வரிவரை படியுங்கள். பின்னர் எழுதுங்கள். எவர் தடுப்பினும் எழுதுங்கள்!