இயற்பியல் பாடத்தில் உவமை முடியும் இடம்

மின்னோட்டம், ஒளியலை, ஒளிமின் விளைவு ஆகிய மூன்றும் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்ற ஒவ்வொரு மாணவரும் பன்முறை எழுதிய சொற்கள். வரையறை கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்பர். ஆனால், 'மின்னோட்டம் என்கிறீர்களே, எது ஓடுகிறது? எவ்வளவு விரைவாக ஓடுகிறது?' என்று வினவினால் வகுப்பு அமைதியாகிவிடும். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் அறிவியல் மாணவரும் வந்தமர்வதால் இவ்வமைதியைத் தமிழாசிரியரும் நன்கறிவர். தமிழ்வழிக் கல்வியே இதற்குக் காரணம் என்று கூறுவோர் உளர். ஆங்கிலவழியில் பயின்றோரும் இதே வினாவிற்கு இதே அமைதியையே விடையாகத் தருகின்றனராதலின், அக்கூற்று பொருந்தாது. சொல்லைக் கற்பிக்கும் முறையிலேயே குறை உள்ளது என்பது என் கருத்து.

அறிவியற் கலைச்சொற்களுள் பல உவமையின் வயிற்றில் பிறந்தவை. தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என நான்கு வகையாகப் பகுத்து ஆராய்ந்தார். முகத்தை மதி என்னும்போது மதியின் ஒளியையும் குளிர்ச்சியையும் கொள்கிறோம். களங்கத்தையும் தேய்வையும் தள்ளிவிடுகிறோம். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை அணியிலக்கணம் நடத்தும்போது வலியுறுத்திச் சொல்கிறோம். அதே மாணவர் அடுத்த மணியில் இயற்பியல் வகுப்பிற்குச் சென்று, 'ஓட்டம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஆற்றுவெள்ளத்தை அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்கிறார். உவமை எங்கே முடிகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

உண்மை என்ன? ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது எலக்ட்ரான்கள் நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர் அளவே நகர்கின்றன. நத்தையின் நடை இதனினும் பன்மடங்கு விரைவானது. பாடநூல் இதனை 'இழுப்புத் திசைவேகம்' என்கிறது. நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்திலோ அவை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவதன்றி எங்கும் சென்று சேர்வதில்லை. பின் பொத்தானை அழுத்தியவுடன் விளக்கு எரிவது எங்ஙனம்? கம்பி முழுவதும் எலக்ட்ரான்கள் முன்னரே நிறைந்துள்ளன. அவற்றை உந்தும் மின்புலமே ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க விரைவில் பரவுகிறது. பெருநாள் தொழுகையில் இமாமின் தக்பீர் ஒலித்ததும் கடைசி வரிசையில் நிற்போரும் குனிகின்றனர். எவரும் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு நடந்து செல்வதில்லை. (இதுவும் உவமையே, இதற்கும் எல்லையுண்டு.)

அலை என்னும் சொல்லும் இத்தகையதே. கடலலைக்கு நீர் வேண்டும்; ஒலியலைக்குக் காற்றோ பிறிதொரு பொருளோ வேண்டும். எனவே ஒளியலைக்கும் ஏதோ ஓர் ஊடகம் வேண்டுமெனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் கருதி, அதற்கு 'ஈதர்' என்று பெயருமிட்டனர். 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் நுட்பமான கருவிகொண்டு தேடியும் அதன் சுவடு தென்படவில்லை. உவமையை எல்லை மீறிக் கொண்டதில் பேரறிஞரே விலக்கல்லர் எனின், பதினேழு வயது மாணவரை நோவானேன்?

அதே 1887ஆம் ஆண்டு வியப்புக்குரிய மற்றொன்றும் நிகழ்ந்தது. மின்காந்த அலைகள் உண்டென்று மாக்ஸ்வெல் கணக்கிட்டுச் சொன்னதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்துக்கொண்டிருந்தார். மின்பொறி தாவும் இடைவெளியில் புறஊதா ஒளி பட்டால் பொறி எளிதில் தாவுவதையும் அவர் கண்டு குறித்து வைத்தார். ஒளி அலையே என்பதற்குச் சான்று தந்த அதே ஆய்வு, அலை என்னும் உவமை போதாது என்பதற்கான முதற்குறிப்பையும் தன் மடியில் வைத்திருந்தது! இவ்வளவு சுவையான செய்தியை நம் பாடம் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருக்கிவிட்டது.

ஒளிபட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதே ஒளிமின் விளைவு. ஒளி வெறும் அலையாயின், வலிய அலை கரையை மிகுதியாக அரிப்பதுபோல, ஒளியின் செறிவு கூடக்கூட எலக்ட்ரானின் ஆற்றலும் கூடவேண்டும். 1902இல் லெனார்டு கண்டது வேறு. செறிவு கூடினால் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடிற்று. ஒவ்வொன்றின் ஆற்றலும் கூடவில்லை. துத்தநாகத் தகட்டின்மேல் சிவப்பொளியை எவ்வளவு பெருக்கிப் பாய்ச்சினும் ஓர் எலக்ட்ரானும் வெளிவராது. மங்கலான புறஊதா ஒளியே போதும், உடனே வெளிவரும். 1905இல் ஐன்ஸ்டீன் இதற்கு விளக்கம் தந்தார்: ஒளி தன் ஆற்றலைச் சிறுசிறு பொட்டலங்களாகவே கொடுக்கிறது, பொட்டலத்தின் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்தது.

முன்பு புகைவண்டி நிலையங்களில் ஒரு ரூபாய் நாணயம் இட்டால் எடைச்சீட்டுத் தரும் இயந்திரம் நின்றிருக்கும். அதில் பத்துப்பைசா நாணயங்களைக் கைநிறைய அள்ளிப் போட்டாலும் சீட்டு வராது. ஒரேயொரு ரூபாய் நாணயம் போதும், சீட்டு வந்துவிடும். சிவப்பொளி பத்துப்பைசா, புறஊதா ஒளி ரூபாய். ஆயினும் இவ்வுவமையும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. இயந்திரம் மீதிச் சில்லறை தராது. உலோகமோ 'வெளியேற்று ஆற்றல்' என்னும் தன் விலையை மட்டும் எடுத்துக்கொள்ள, எஞ்சியது எலக்ட்ரானின் இயக்க ஆற்றலாகிறது. இந்த மிச்சக் கணக்கே ஐன்ஸ்டீனின் சமன்பாடு. அதனைப் பல்லாண்டு சோதித்த மில்லிகன், ஒளிப் பொட்டலக் கருத்தை ஏற்க மனமில்லாதவராக இருந்தும், சமன்பாடு சரியே என்று 1916இல் முடிவு வெளியிட்டார். ஐன்ஸ்டீனுக்கு 1921ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு கிடைத்தது இவ்விளக்கத்தைச் சிறப்பித்தே. பலரும் எண்ணுவதுபோல் சார்பியல் கொள்கைக்காக அன்று.

கலைச்சொல் என்றாலே நடுங்குவோர்க்கும், எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே தீரவேண்டும் என்போர்க்கும் நம் சமுதாயமே நல்லதொரு சான்று. ஸலாத்தைத் 'தொழுகை' என்றும், ஸவ்மை 'நோன்பு' என்றும், மஸ்ஜிதைப் 'பள்ளிவாசல்' என்றும் தமிழாக்கிக்கொண்ட நம் முன்னோர், ஜகாத்தையும் ஹஜ்ஜையும் அவ்வாறே வைத்துக்கொண்டனர். தொழுகை என்பது பொதுச்சொல்லே. எனினும் உளூவும் நேரமும் ரக்அத்தும் அதனோடு சேர்த்தே கற்பிக்கப்பட்டதால், நம் வீட்டுக் குழந்தைக்கும் அதன் பொருளில் ஐயமில்லை. மின்னோட்டம் தமிழாகவும், எலக்ட்ரான் அயற்சொல்லாகவும் இருப்பதில் இழுக்கொன்றுமில்லை. ஈழத்துத் தமிழர் அதனை 'இலத்திரன்' என்று எழுதியே இயற்பியல் கற்கின்றனர். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பைப் பல்லாண்டு நடத்திய மணவை முஸ்தபா, கலைச்சொல் அகராதிகளுக்கே வாழ்நாளை ஈந்தார். அவருடைய நூல்கள் தமிழ்த்துறை அலமாரியோடு இயற்பியல் துறை அலமாரியிலும் இருத்தல் வேண்டும்.

ஈண்டு மூத்தோர் பொறுத்தருள்க, ஒன்று சொல்லியாகவேண்டும். அறிவியலில் புதிதாக ஏதேனும் வெளிவந்தவுடன் 'இது நம் வேதத்தில் அன்றே உள்ளது' என்று மேடையில் முழங்குவது வழக்கமாகிவிட்டது. பழந்தமிழ்ப் பாட்டில் அணுவையும் மின்சாரத்தையும் கண்டெடுக்கும் என் துறை நண்பர்களும் இதில் இளைத்தவரல்லர். 'ஒளி' என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் கொண்டது திருமறை. அதன் பெருமைக்கு ஐன்ஸ்டீனின் சமன்பாடு சான்றுச்சீட்டு வழங்கவேண்டியதில்லை. இப்னுல் ஹைத்தமைப் போற்றுவோர் அவர் செய்ததை நோக்குக. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞர், பதினோராம் நூற்றாண்டில் ஏழு பகுதிகளாக எழுதிய ஒளியியல் நூலில், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று நிறுவினார். தாம் பெரிதும் கற்ற தாலமியின்மீது தமக்கெழுந்த ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். ஆசான்மீது ஐயம் எழுப்பியவரின் பெயரை மேடைதோறும் சொல்லிவிட்டு, வகுப்பில் வினா எழுப்பும் மாணவரை அமரச் சொல்வது என்ன நியாயம்?

நம் கல்லூரியில் முதலாண்டு மாணவர்க்குத் தமிழ்த்துறையும் இயற்பியல் துறையும் சேர்ந்து திங்கள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பெருஞ்செலவு வேண்டா. முதல் நாள், எதிர்மின்னூட்டம் ஏற்றிய துத்தநாகத் தகட்டைத் தங்க இலை நிலைமின்காட்டியின்மீது வைத்து, விரிந்து நிற்கும் இலைகளைக் காட்டுக. சிவப்பு விளக்கால் இலைகள் அசையா. இயற்பியல் ஆசிரியர் தக்க பாதுகாப்புடன் புறஊதா விளக்கை ஏற்றினால் அவை தாழும். இடையில் கண்ணாடித் தகட்டை நிறுத்தினால் தாழ்வது நின்றுவிடும். அதன்பின் பாடநூலை மூடிவைத்து, கண்டதை அவரவர் தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லலாம். அத்தாள்களைத் திருத்தும் பணியைத் தமிழ்த்துறை ஏற்றுக்கொள்ளும்.